அனிமேஷன் கத்துக்க முதல்ல எந்த புக் வாங்கறது? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கவங்க சொல்லுங்க

தக்காளி_மண்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு, தர்மபுரில பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். அனிமேஷன் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, 2டியா 3டியான்னு கூட இன்னும் முடிவு பண்ணல, ஒரு கேரக்டர் நடக்கறது ஓடறது திரும்பி பாக்கறது இதெல்லாம் நம்ம கையால வரணும், அவ்ளோதான். சேலத்துல ஒரு இன்ஸ்டிட்யூட்ல போய் விசாரிச்சேன், ஒன்றரை லட்சம்னாங்க, அதுலயும் மொதல் மூணு மாசம் போட்டோஷாப் மட்டும்தானாம். வீட்ல இதை சொன்னா எங்கப்பா மண்டியில இருந்து நேரா கிளம்பி வந்துடுவாரு.

அதனால புக் வாங்கி நானே கத்துக்கலாம்னு இருக்கேன். கையில ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா இருக்கு. நெட்ல தேடினா ஒவ்வொருத்தரும் ஒரு லிஸ்ட் போடறாங்க, ஒரு லிஸ்ட்ல பதினஞ்சு புக் இருக்கு, எதுல ஆரம்பிக்கறதுன்னே புரியல. டிராயிங் சுமார்தான், பத்தாவதுல சயின்ஸ் டயக்ராம் நல்லா போடுவேன், அவ்ளோதான் அனுபவம். இங்கிலீஷ் படிச்சா புரியும் ஆனா மெதுவா. தமிழ்ல இருந்தா இன்னும் நல்லது. லேப்டாப் அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த கவர்மெண்ட் லேப்டாப், 4 ஜிபி ரேம், சார்ஜர் சொருகியே இருக்கணும்.

எந்த புக் வாங்கலாம், எதுல ஆரம்பிக்கலாம், சொல்லுங்க அண்ணா அக்கா யாராவது.

---

பென்னாகரம்_இன்பிட்வீன்

தம்பி, அஞ்சு புக் பத்து புக் வாங்கற ஐடியாவை மொதல்ல விடு. பெங்களூர்ல நான் வேலை பாக்கற இடத்துல அலமாரி நிறைய வாங்கி அடுக்கினவங்க இருக்காங்க, பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. ஒரே ஒரு புக் வாங்கு, டேபிள்ல விரிச்சு வெச்சு பக்கத்துல பேப்பர் வெச்சு வேலை செய், அட்டை கிழியட்டும். அனிமேஷன் புக்கை படிச்சு முடிக்கறதுன்னு ஒண்ணு கிடையாது.

என் ஓட்டு ரிச்சர்ட் வில்லியம்ஸ் எழுதின தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்டுக்கு. 2001ல வந்தது, 2009ல சேர்த்து எழுதி பெருசாக்கி போட்டாங்க, வாங்கறதா இருந்தா அந்த பெருசையே வாங்கு. 1988ல வந்த ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட் படத்துக்கு அனிமேஷன் டைரக்டர் அவர்தான். அதுக்கு ரொம்ப முன்னாடியே, சொந்தமா ஸ்டுடியோ நடத்திட்டு இருக்கும்போதே, 1930கள்ல வேலை பாத்த பழைய அனிமேட்டருங்களை தன்னோட ஸ்டுடியோவுக்கு கூட்டிட்டு வந்து அவங்ககிட்ட மறுபடி ஒண்ணுல இருந்து கத்துக்கிட்டாரு, கத்துக்கிட்டதை எல்லாம் இந்த புக்ல கொட்டி வெச்சிருக்காரு. அதுல மொதல் பாடமே என்ன தெரியுமா, ஹெட்போனை கழட்டு. மில்ட் கால்னு டிஸ்னியோட பெரிய அனிமேட்டர், அவர்கிட்ட போய் வேலை செய்யும்போது பாட்டு கேப்பீங்களான்னு வில்லியம்ஸ் கேட்டிருக்காரு, மனுஷன் கொதிச்சுப்போய் ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை யோசிக்கற அளவுக்கு எனக்கு புத்தி கிடையாதுன்னு கத்திட்டாராம். இன்னிக்கு எங்க ஸ்டுடியோல பாதி பேர் காதுல இளையராஜா ஓடிட்டுதான் இருக்கும், அது வேற கதை.

புக் வந்ததும் கதை புக் மாதிரி மொத பக்கத்துல இருந்து போகாத, தூக்கம் வந்துடும். டைமிங், ஸ்பேசிங் வர்ற இடத்துக்கு போ. டைமிங்னா பந்து எப்போ தரையை தொடுது அடுத்து எப்போ தொடுதுங்கறது. ஸ்பேசிங்னா அந்த ரெண்டு தொடலுக்கு நடுவுல ஒவ்வொரு படத்துலயும் பந்து எவ்ளோ தூரம் நகருதுங்கறது. இந்த ரெண்டும் தனித்தனின்னு மண்டையில ஏறிட்டாலே புக் காசுல பாதி வந்துருச்சுன்னு வெச்சுக்கோ.

புக் வர்றதுக்குள்ள சும்மா இருக்க வேணாம், இதை செஞ்சு பாரு. பேப்பர்ல மேல இருந்து கீழ 16 செ.மீ ஒரு கோடு போடு. மேல இருந்து 1 செ.மீ, 4 செ.மீ, 9 செ.மீ, 16 செ.மீல புள்ளி வை. ஒவ்வொரு இடைவெளியும் 1, 3, 5, 7னு வரும், கீழ விழற பொருள் அப்படித்தான் வேகம் எடுக்கும், பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல படிச்சிருப்ப. ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு பந்து வரை, ஒரு பந்துக்கு ஒரு பேப்பர். சினிமாவுக்கு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தினா செகண்டுக்கு 12 படம் போதும். அப்போ உன்னோட நாலு படம் 8 ஃப்ரேம், அதாவது செகண்டுல மூணுல ஒரு பங்கு. நிஜத்துல அரை மீட்டர் உயரத்துல இருந்து ஒரு பந்தை விட்டா கிட்டத்தட்ட அவ்ளோ நேரம்தான் ஆகும். இதையே நாலு புள்ளியும் சம இடைவெளில வெச்சு இன்னொண்ணு வரைஞ்சு ரெண்டையும் ஓட்டிப் பாரு. ரெண்டுலயும் நாலு படம்தான், நேரமும் அதேதான், ஆனா ஒண்ணு பந்து, இன்னொண்ணு லிஃப்ட்.

நடைக்கு அதுல ஒரு பெரிய பகுதியே இருக்கு, அது உனக்கு ஒரு வருஷத்துக்கு போதும். சாதாரண நடைக்கு ஒரு அடிக்கு 12 ஃப்ரேம், ஹாயா போறவனுக்கு 16, வயசானவங்களுக்கு 20, கார்ட்டூன் ஆளு விறுவிறுன்னு போனா 8.

---

கல்லூரி_கேண்டீன்

யாராவது பிடிஎஃப் லிங்க் போடுங்கப்பா, எதுக்கு காசு

---

காவேரிப்பட்டணம்_டிராயிங்_டீச்சர்

தம்பி பென்னாகரம், நீங்க சொல்ற புக் நல்ல புக்தான், அதுல சண்டை இல்லீங்க. ஆனா இந்தப் பையன் என்ன சொல்றான்னு பாருங்க, டிராயிங் சுமார், இங்கிலீஷ் மெதுவாத்தான் ஓடும்னு சொல்றான். அவன் கையில சர்வைவல் கிட்டை குடுத்தா பக்கத்துக்கு பக்கம் கையெழுத்துலயே, எல்லாம் கேபிடல் லெட்டர்லயே எழுதி வெச்சிருக்கும், படிக்கவே கண்ணு வலிக்கும். படங்களும் ஒரே பக்கத்துல பத்து பதினஞ்சு நெருக்கமா இருக்கும். எங்கிட்ட வர்ற பசங்களுக்கு அதை காட்டினா ஆ-ன்னு பாப்பாங்க, அப்புறம் அமைதியா மூடி வெச்சுடுவாங்க. இதை நான் நிறைய பாத்துட்டேன்.

என்னைக் கேட்டா மொதல் புக் பிரெஸ்டன் பிளேர் எழுதின கார்ட்டூன் அனிமேஷன். டிஸ்னியில ஃபேன்டேசியா படத்துல நீர்யானைங்க டான்ஸ் ஆடுமே, அதுல வேலை செஞ்சவர். அப்புறம் எம்ஜிஎம் ஸ்டுடியோல டெக்ஸ் ஏவரிங்கற கார்ட்டூன் டைரக்டர்கூட இருந்தார். 1940கள்லயே அவர் மெலிசா ஒரு புக் போட்டாரு, இப்ப கிடைக்கறது 1994ல அதையெல்லாம் சேர்த்து வந்தது. எழுத்து ரொம்ப கம்மி, படம்தான் பேசும். வட்டம், முட்டை, பேரிக்காய் வடிவம் இதுல இருந்து உடம்பை எப்படி கட்டறது, உடம்பு மொத்தத்துக்கும் ஒரே ஒரு வளைஞ்ச கோடு போட்டு போஸை எப்படி உயிரோட நிறுத்தறது, அப்புறம் நடை, ஓட்டம், நாலு கால் பிராணி, வாய் அசைவு. சயின்ஸ் டயக்ராம் போடற பையனுக்கு இது உடனே பிடிபடும், ஏன்னா அதுவும் வடிவத்தை பிரிச்சு பாக்கறதுதானே. விலையும் அந்த பெரிய புக்கை விட கம்மியா இருக்கும், மிச்ச காசுக்கு பேப்பர் வாங்கலாம்.

ஒரு குறையும் சொல்லிடறேன். அந்த புக்ல படத்தை காட்டுவாரு, ஏன் அப்படின்னு ரொம்ப விளக்க மாட்டாரு. ஆளுங்க எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்க கார்ட்டூன் மூஞ்சி, வெள்ளை கையுறை போட்ட எலி மாதிரியே இருக்கும். அதையே காப்பி அடிச்சுட்டு இருந்தா கடைசி வரைக்கும் உங்க ஊர் ஆளு மூஞ்சி ஒண்ணு கூட வராது. அமைப்பை மட்டும் எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து நிஜ ஆளுங்களை வரையணும். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பென்னாகரம் பஸ்ஸுக்கு நிக்கறவங்க நிக்கற விதம் ஒண்ணு ஒண்ணும் வேற வேற, மூட்டையை இடுப்புல வெச்சிருக்கற அம்மா உடம்பு ஒரு பக்கம் சாஞ்சே இருக்கும், அந்த சாய்வை ஒரே கோட்டுல புடிக்க முடியுதான்னு பாருங்க.

பேப்பர் விஷயத்துல ஒரு யோசனை. பெக் பார் (பேப்பர் நகராம புடிச்சுக்கற கட்டை), லைட் பாக்ஸ் (அடியில இருந்து வெளிச்சம் வர்ற பலகை)னு நெட்ல பாத்து பயந்துடாதீங்க. ஸ்டேஷனரி கடையில கிடைக்கற பில் புக் மாதிரி சின்ன பேடு, ஒரு பக்கம் பைண்டிங் போட்டது, அதுல கடைசி பக்கத்துல இருந்து வரைஞ்சுட்டு வாங்க, அடியில இருக்க படம் மேல் பக்கத்துல லேசா தெரியும், கட்டை விரலால சரசரன்னு விட்டா ஓடும். ஆறாவது பசங்க எல்லாம் இதுல பந்து, மீன், கண் சிமிட்டறது செய்றாங்க. பெருசா செய்யணும்னா ஏ4 பேப்பருக்கு ஆபீஸ்ல ஃபைலுக்கு ஓட்டை போடற பஞ்ச் இருக்குமே அதுல ரெண்டு ஓட்டை போட்டு, பலகையில ரெண்டு போல்ட் அடிச்சு அதுல மாட்டிக்கலாம். கண்ணாடி பலகை கிடைச்சா அடியில ஒரு எல்இடி பல்பு வைங்க. ஆச்சு லைட் பாக்ஸ்.

---

பென்னாகரம்_இன்பிட்வீன்

டீச்சர் சொல்றது ஒத்துக்கறேன்கா, கையெழுத்து விஷயம் உண்மைதான். ஆனா பிளேர் புக்ல ஏன்-ங்கறது இல்லாததுதான் எனக்கு பிரச்சனை. நடையில எட்டு படம் வரிசையா போட்டிருப்பாரு, அதை பாத்து வரைஞ்சா நடக்கும், ஆனா அதே ஆளு தலையில குடத்தோட நடக்கணும்னா என்ன மாத்தணும்னு தெரியாது. வில்லியம்ஸ்ல கால் தரையை தொடற போஸ், உடம்பு கீழ இறங்கற போஸ், ஒரு காலை இன்னொரு கால் தாண்டற போஸ், மேல எழும்பற போஸ்னு நாலா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்தி காட்டுவாரு. நடுவுல இருக்க அந்த தாண்டற போஸ்ல உடம்பை கொஞ்சம் கீழ இறக்கினா ஒரு ஆளு, மேல தூக்கினா வேற ஆளு. அதை பாத்தப்புறம் ரோட்டுல யார் நடந்தாலும் இடுப்பைத்தான் பாப்ப.

சரி ரெண்டும் வாங்கற காசு இருந்தா ரெண்டும். இல்லன்னா தம்பி நீயே முடிவு பண்ணு, கை ஓடலன்னா டீச்சர் புக், கை ஓடுதுன்னா என் புக்.

கேண்டீன் தம்பி, அந்த லிங்கெல்லாம் இங்க கேக்காத. சட்டப்படியே இலவசமா கிடைக்கறது ஒண்ணு சொல்றேன், ஈ.ஜி.லட்ஸ்னு ஒருத்தர் 1920ல எழுதின அனிமேட்டட் கார்ட்டூன்ஸ். காப்பிரைட் காலம் முடிஞ்சு போச்சு, நெட்ல தாராளமா எடுத்துக்கலாம். வால்ட் டிஸ்னி கான்சஸ் சிட்டில சின்ன வயசுல வேலை பாக்கும்போது அந்த ஊர் பப்ளிக் லைப்ரரில எடுத்து படிச்சு அனிமேஷன் கத்துக்கிட்டது இதுலதான். இன்னிக்கு டெக்னிக்குக்கு பழசுதான், ஆனா நடையை பத்தி வர்ற படங்களை பாரு, நூறு வருஷம் ஆகியும் அதே விஷயம்தான்.

---

ஊத்தங்கரை_நைட்ஷிஃப்ட்

3டி சைடுல இருந்து ஒருத்தன் பேசறேன்.

மொதல்ல, சாஃப்ட்வேர் புக்குக்கு ஒரு ரூபா கூட போடாதே. மாயா கைடு, ப்ளெண்டர் கைடுன்னு தலகாணி சைஸ்ல விக்கும், நீ பாதி படிக்கறதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்து பட்டன் எல்லாம் இடம் மாறி இருக்கும். ப்ளெண்டருக்கு அவங்களே மேனுவல் இலவசமா வெச்சிருக்காங்க. ஆனா கொள்கையை சொல்ற புக் அப்படி இல்ல, ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ரெண்டு பேரும் 1981ல எழுதின தி இல்யூஷன் ஆஃப் லைஃப்ல வர்ற 12 பிரின்சிபிள்தான் இன்னிக்கும் எந்த ஸ்டுடியோ இன்டர்வியூ போனாலும் கேக்கறது. ஆனா அதையும் இப்ப வாங்காதே. 500 பக்கத்துக்கு மேல, பெரும்பாலும் டிஸ்னி ஸ்டுடியோ வரலாறு, பழைய ஆளுங்க கதை. ரசிச்சு படிக்கலாம், ஆனா அந்த 12 பிரின்சிபிள் மொத்தமா ஒரே ஒரு அத்தியாயம். லைப்ரரில கிடைச்சா அதை மட்டும் நோட்ல எழுதிக்கோ.

3டிக்கு டிராயிங் தேவையே இல்லன்னு சிலர் சொல்வாங்க. அழகா வரைய தேவையில்லங்கறது சரி. ஆனா குச்சி மனுஷன் வரைஞ்சு போஸை மொதல்ல பேப்பர்ல யோசிக்க தெரியலன்னா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கையை நூறு தடவை அப்படி இப்படி திருப்பிட்டு இருப்ப. அதுக்கு டீச்சர் சொன்ன புக் போதும்.

உன் லேப்டாப்ல புது ப்ளெண்டர் ஓடாது, இப்ப குறைஞ்சபட்சமே 8 ஜிபி கேக்கறாங்க, கிராஃபிக்ஸும் பழசு. 2.79 வெர்ஷன் இன்னும் அவங்க சைட்லயே பழைய ரிலீஸ்ல கிடைக்கும், அது ஓடும். ஆனா யூடியூப்ல இப்ப இருக்க டுடோரியல் எல்லாம் 2.8க்கு அப்புறம், ஸ்கிரீனே வேற மாதிரி இருக்கும், குழம்பாதே. 2டிக்கு பென்சில்2டி போடு, ரொம்ப லைட், இலவசம்.

சின்ன மெஷின்ல என்ன பண்றதுன்னு மனசு விடாதே. 2024ல ஃப்ளோன்னு ஒரு படம், லாட்வியாகாரங்க எடுத்தது, ஒரு பூனை வெள்ளத்துல போற கதை, முழுக்க ப்ளெண்டர்ல செஞ்சது. 2025ல சிறந்த அனிமேஷன் படம்னு ஆஸ்கர் வாங்கிருச்சு. அவங்க மெஷின் உன்னோடதை விட பெருசுதான், ஆனா சாஃப்ட்வேர் உனக்கும் அவங்களுக்கும் ஒண்ணு, அதே ஜீரோ ரூபா.

---

தக்காளி_மண்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. பந்து செஞ்சேன், 16 செ.மீ கோடு போட்டு, பில் பேடுல. விழறது சூப்பரா வந்துச்சு அண்ணா, தங்கச்சி வாங்கி வாங்கி ஓட்டிட்டே இருக்கா. அதையே 2.79 போட்டு 3டிலயும் பண்ணி பாத்தேன், மேல ஒரு கீ (இந்த ஃப்ரேம்ல பந்து இங்க இருக்கணும்னு வெக்கற குறி), கீழ ஒரு கீ, மறுபடி மேல ஒரு கீ. ஆனா தரைக்கு கிட்ட வரும்போது பந்து மெதுவாயிடுது, மெத்தையில வந்து உக்கார்ற மாதிரி உக்காந்து அப்புறம் எழும்புது. பேப்பர்ல வந்தது கம்ப்யூட்டர்ல ஏன் வரல?

இன்னொண்ணு. எனக்கு உண்மையிலேயே செய்யணும்னு இருக்கறது எருது விடற காட்சி. போன தடவை கிருஷ்ணகிரி பக்கம் மாமா ஊர்ல எருது விடும் விழாவுல போன்ல நிறைய வீடியோ எடுத்து வெச்சிருக்கேன், வாடியில இருந்து மாடு வெளிய வர்ற அந்த மொத ரெண்டு செகண்டு இருக்குல்ல, அதை பண்ணனும். இந்த புக்குங்கள்ல மாடு ஓடறது இருக்கா? இல்ல இதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு பண்ற வேலையா?

---

ஊத்தங்கரை_நைட்ஷிஃப்ட்

பந்துக்கு பதில்: ப்ளெண்டர்ல நீ கீ வெச்சா அதுவா ரெண்டு பக்கமும் மெதுவாக்கிடும், கிளம்பும்போதும் மெதுவு, சேரும்போதும் மெதுவு. மேல இருக்க கீக்கு அது சரி, உச்சியில பந்து நிஜமாவே மெதுவாகும். தரைக்கு தப்பு. கிராஃப் எடிட்டருக்கு போ, தரையில இருக்க கீயை செலக்ட் பண்ணி வி அழுத்து, வெக்டர்னு குடு. வளைவா இருந்த இடம் கூரா ஆயிடும், வி எழுத்து மாதிரி. இப்ப ஓட்டு. புக்ல ஸ்பேசிங்னு படிக்கறதும் இந்த கிராஃபும் ஒரே விஷயம்தான், பேப்பர்ல புள்ளியா இருக்கறது இங்க கோடா இருக்கு. அதனாலதான் பேப்பர்ல மொதல்ல செய்யறவன் 3டில சீக்கிரம் தேறுவான்.

---

அரூர்_கூத்து_ரசிகன்

நான் அனிமேஷன் எல்லாம் பண்றவன் இல்ல, பையன் இந்த புக்குங்களை வெச்சிக்கினு உக்காந்திருக்கான், நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருப்பேன், அந்த உரிமையில ஒண்ணு சொல்றேன். அந்த 12 பிரின்சிபிள்ல ஒண்ணு இருக்குதே, உடம்பு நின்னப்புறமும் தொங்கற துணி, முடி, வாலு எல்லாம் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து நிக்கும்னு, பையன் எனக்கு படிச்சு காட்டினான். நான் சொன்னேன் டேய் இதை நான் சின்ன வயசுல இருந்து பாத்துக்கினு இருக்கேன்டா.

நம்ம பக்கம் தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவன் திரைக்கு பின்னாடி இருந்து வெளிய வந்து ஒரு சுத்து சுத்துவான் பாரு. தலையில கிரீடம், தோள்ல புஜக்கட்டை, இடுப்புல விரிஞ்ச பாவாடை. அவன் சுத்த ஆரம்பிக்கறப்ப மொதல்ல காலு திரும்பும், அப்புறம் இடுப்பு, அப்புறம்தான் தோளு, பாவாடை பின்தங்கி வரும். தாளம் விழுந்து டக்குனு நின்னுடுவான், ஆனா பாவாடை நிக்காது, இன்னும் அரை வட்டம் போயி திரும்பி வந்து அடங்கும். கிரீடத்துல தொங்கற குஞ்சம் அதுக்கும் அப்புறம். விடிய விடிய பாத்தாலும் கண்ணுக்கு அலுக்காததுக்கு அதுதான் காரணம்னு இப்ப தோணுது. தம்பி நீ மாட்டுக்கு போறதுக்கு முன்னாடி இதை போன்ல எடுத்து மெதுவா ஓட்டி பாரு, மாசி பங்குனில பாரதக் கூத்து நடக்காத ஊரா இருக்குது நம்ம பக்கம்.

---

பென்னாகரம்_இன்பிட்வீன்

அரூர் அண்ணா, இதை எங்க ஆபீஸ் குரூப்ல போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க. புக்ல இதுக்கு நாய் காது, நரி வாலு உதாரணம்தான் இருக்கும், கூத்துப் பாவாடை அதை விட தெளிவு.

தம்பி, மாடு விஷயம். பிளேர் புக்ல நாலு கால் ஓட்டம் இருக்கு, வில்லியம்ஸோட 2009 எடிஷன்லயும் பிராணிங்க பகுதி இருக்கு. ஆனா மாட்டுக்கு நீ முக்கியமா பாக்க வேண்டியது எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878ல கலிஃபோர்னியாவுல ஓடற குதிரையை வரிசையா கேமரா வெச்சு ஒவ்வொரு நொடித் துண்டையும் போட்டோ எடுத்தவர். அதுவரைக்கும் ஓவியருங்க எல்லாம் பாயற குதிரைக்கு முன்னங்கால் முன்னாடியும் பின்னங்கால் பின்னாடியும் நீட்டி அந்தரத்துல தொங்கற மாதிரி வரைஞ்சுட்டு இருந்தாங்க. போட்டோல பாத்தா நாலு காலும் தரையை விட்டு எழும்புது, ஆனா நீட்டிக்கிட்டு இருக்கும்போது இல்ல, வயித்துக்கு அடியில மடங்கி சேர்ந்திருக்கும்போது. அவரோட பிராணிகள் படத் தொகுப்பு புக்கா விக்குது, படங்கள் பழசு அதனால நெட்லயும் இலவசம். அனிமேட்டர் டேபிள்ல இது இல்லாம இருக்காது.

ஆனா உன்கிட்டயே நிஜ வீடியோ இருக்கு, அதை விட என்ன வேணும். பெரும்பாலும் போன் வீடியோ செகண்டுக்கு 30 ஃப்ரேம் இருக்கும், நீ 24க்கு வேலை செய்யற, அதனால போன்ல 15 ஃப்ரேம் ஆனது உனக்கு 12 ஃப்ரேம்னு கணக்கு வெச்சுக்கோ. ஃப்ரேம் ஃப்ரேமா தள்ளி, மாட்டோட முழு உருவமும் வரையாதே. ரெண்டே ரெண்டு வட்டம் போடு, முன்னாடி தோளுக்கு ஒண்ணு, பின்னாடி இடுப்புக்கு ஒண்ணு, நடுவுல முதுகுக்கு ஒரு கோடு. ஒவ்வொரு ஃப்ரேம்லயும் அந்த ரெண்டு வட்டம் எங்க இருக்குன்னு மட்டும் குறி. ஒண்ணு மேல போகும்போது இன்னொண்ணு கீழ இருக்கும், முதுகுக் கோடு ஒருதடவை குவியும் ஒருதடவை விரியும். காலு கொம்பு திமிலு எல்லாம் அதுக்கு மேல ஏறும். திமிலு தனியா ஆடும், அது அரூர் அண்ணா சொன்ன பாவாடை கணக்கு.

இதை இப்பவே பண்ணலாம், ரொம்ப நாள் கழிச்சு எதுக்கு. மோசமாத்தான் வரும், பரவால்ல. ஆனா பந்து, அப்புறம் வால் வெச்ச பந்து, அப்புறம் சாதாரண ரெண்டு கால் நடை, இது மூணும் பக்கத்துலயே ஓடட்டும்.

---

காவேரிப்பட்டணம்_டிராயிங்_டீச்சர்

தமிழ்ல புக் கேட்டீங்களே, அதுக்கு யாரும் பதில் சொல்லல. தமிழ்ல வரட்டும்னு காத்திருக்காதீங்க. இந்த புக்குங்கள்ல திரும்பத் திரும்ப வர்றது ஒரு முப்பது வார்த்தைதான், கீ, ப்ரேக்டவுன், இன்பிட்வீன், ஆர்க், ஆன்டிசிபேஷன் இப்படி. முக்கியமான படம் கீ, ரெண்டு கீக்கு நடுவுல எந்த வழியா போகணும்னு முடிவு பண்ற படம் ப்ரேக்டவுன், மிச்சத்தை நிரப்பறது இன்பிட்வீன். நோட்டுல ஒரு பக்கம் அந்த வார்த்தை, எதிர் பக்கம் உங்க சொந்த தமிழ்ல என்ன அர்த்தம், கூட ஒரு சின்ன படம்னு எழுதிட்டே வாங்க. அந்த நோட்டு ஜூனியர் பசங்களுக்கு உதவும், எங்க பசங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க.

வாங்கற இடம் பத்தியும் ஒண்ணு. ஆன்லைன்ல அசாத்தியமா விலை கம்மியா இருந்தா சந்தேகப்படுங்க, மங்கலா கருப்பு வெள்ளையில அடிச்ச கள்ளப் பிரிண்ட் வருது, படம் பாக்கவேண்டிய புக்ல படமே தெரியாது. பப்ளிஷர் பேர், பக்க எண்ணிக்கை ரெண்டையும் பாருங்க, வாங்கினவங்க போட்ட போட்டோவையும் பாருங்க. பெங்களூர் போற வேலை இருந்தா சர்ச் ஸ்ட்ரீட்ல பழைய புத்தகக் கடைங்க இருக்கு, கலை புத்தகம் அடுக்கி வெச்சிருக்கற பக்கம் போய் பொறுமையா தேடணும், என் பிளேர் புக் அங்கதான் கிடைச்சது, யாரோ பென்சில்ல ஓரத்துல குறிப்பு எழுதி வெச்சது கூட இருக்கு. தர்மபுரில தகடூர் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஸ்டால்காரங்ககிட்ட சொல்லி வெச்சா வரவழைச்சும் குடுப்பாங்க.

---

கல்லூரி_கேண்டீன்

லட்ஸ் புக் எடுத்துட்டேன் அண்ணா. படம் எல்லாம் நல்லாருக்கு, இங்கிலீஷ்தான் என்ன இவ்ளோ நீளமா எழுதறாங்க

---

தக்காளி_மண்டி

வி அழுத்தினதும் பந்து பந்தாயிடுச்சு நைட்ஷிஃப்ட் அண்ணா!! லேப் சார்கிட்ட காட்டினேன், என்னடா கேம் பண்றியான்னாரு.

முடிவு பண்ணிட்டேன், இப்ப பிளேர் புக் மட்டும் ஆர்டர் போடறேன், கள்ளப் பிரிண்ட் இல்லாததா பாத்து. மீதி காசு அப்படியே இருக்கட்டும், தக்காளி விலை ஏறினா அப்பாகிட்ட கேட்டு சர்வைவல் கிட், இறங்கினா தீபாவளிக்கு அப்புறம். மாட்டுக்கு ரெண்டு வட்டம் போட ஆரம்பிச்சுட்டேன், வாடியில இருந்து வர்றப்ப மொத ஃப்ரேம்ல பின் வட்டம் முன் வட்டத்தை விட ரொம்ப கீழ இருக்கு, அப்படியே உக்காந்து எழும்பற மாதிரி, கண்ணால பாக்கறப்ப அது தெரியவே இல்ல.

பென்சில்2டில போட்டு ஓட்டினா மட்டும் மாடு ரொம்ப மெதுவா போகுது, ஏன்னு தெரியல.

---

ஊத்தங்கரை_நைட்ஷிஃப்ட்

டைம்லைன்ல எஃப்பிஎஸ்னு ஒரு பெட்டி இருக்கும் பாரு, செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்னு அர்த்தம், அது 12ல இருக்கும், அதான் இன்ஸ்டால் பண்ணா வர்ற செட்டிங். 24 ஆக்கு. அப்புறம் ஒரு படம் ரெண்டு ஃப்ரேம் நிக்கணும்னா டைம்லைன்ல ஒரு இடம் விட்டு ஒரு இடம் படத்தை வை, நடுவுல காலியா விட்டா முந்தின படமே நிக்கும்.

---

பென்னாகரம்_இன்பிட்வீன்

ஆமா, அதான். மாத்திட்டு வீடியோ போடு, வட்டத்தோடயே போடு, காலு வரைஞ்சு அழகு பண்ணிட்டு போடறேன்னு இருக்காதே. பொங்கலுக்கு ஊருக்கு வரேன், என்கிட்ட மைபிரிட்ஜ் புக் பழசு ஒண்ணு இருக்கு, பாலக்கோடு வழியாத்தான் வருவேன், வேணும்னா ஒரு மாசம் வெச்சுக்கோ.

---

தக்காளி_மண்டி

வேணும் அண்ணா. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கறேன்.